பின்வாங்கும் உரிமை

எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்த நாய்க்கு வயிறு நிறையச் சோறு வைத்தால் அது செத்துப்போகலாம். விலங்குக் காப்பகத்தில் புதிதாகக் கைகொடுக்க வருபவர்கள் முதலில் கேட்டுத் திகைப்பது இதைத்தான். பசித்த உயிருக்குச் சோறிடுவதே தலையாய அறம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு சோற்றை எதிர்கொள்ளும் விதமே வேறு.

உணவு வராத நாட்களில் உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்துக் காலந்தள்ளுகிறது. இன்சுலின் சுரப்பு அடங்கிக் கிடக்கும். உயிரணுக்களுக்குள் இருந்த பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் மெல்லக் குறைந்துகொண்டே வரும். இரத்தப் பரிசோதனையிலோ அளவு ஏறக்குறையச் சரியாக இருப்பதுபோலத் தெரியும். அப்படிப்பட்ட உடம்புக்குள் ஒரு தட்டு வெள்ளைச் சோறு போனால் சர்க்கரை ஏறும், இன்சுலின் பாய்ந்து வரும், உயிரணுக்கள் சர்க்கரையோடு சேர்த்து இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்ததும் இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சை இயக்கும் தசைகள் தளரும், சிவப்பணுக்கள் உடையும். மீளூட்டல் நோய்க்குறி என்பது இதன் பெயர். மருத்துவ உலகம் இதை மனிதர்களிடம்தான் முதலில் பார்த்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், பட்டினியைத் தாண்டி வந்தும் அடுத்து வந்த விருந்தைத் தாண்ட முடியாமல் இறந்தார்கள்.

அதனால் மருத்துவர்கள் கணக்குப் போட்டுத்தான் தட்டில் வைக்கிறார்கள். விலங்கின் எடையைக் கிலோவில் எடுத்து, 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70 ஆல் பெருக்கினால், படுத்துக் கிடக்கும்போது அதற்கு ஒரு நாளைக்கு வேண்டிய ஆற்றல் வரும். 10 கிலோ நாய்க்கு அது ஏறத்தாழ 400 கிலோகலோரி. முதல் நாள் அதில் கால் பங்குதான், அதையும் நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். சோறும் ரொட்டியும் வேண்டாம். புரதமும் கொழுப்பும் கூடிய உணவு. முழு அளவை எட்ட ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு இது கஞ்சத்தனமாகத்தான் படும். கொடுப்பவரின் ஆசைக்கு இங்கே இடமில்லை, வாங்கும் உடம்பு தாங்குகிற அளவுதான் கணக்கு. தொடுவதும் தடவுவதும் பழகுவதும் இதே கணக்கில் அடங்கும் என்பதை விலங்கு நடத்தை அறிவியல் கடந்த சில பத்தாண்டுகளாகத்தான் தெளிவாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இப்படி வந்து சேரும் விலங்குகளுக்கு அந்த மண்ணுக்கே உரிய சில பூர்வீகங்கள் உண்டு. 2006இல் இஸ்கந்தர் மலேசியா வட்டாரம் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஜொகூர் பாருவைச் சுற்றிக் கட்டுமானம் ஓய்ந்ததில்லை. கட்டுமானத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் காவலுக்கு நாய்கள் வளர்வது வழக்கம். இரும்பைத் திருட வருபவர்களை விரட்ட அவை வேண்டும். கட்டடம் எழும்பியதும் தொழிலாளர்கள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள், நாய்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். செம்பனைத் தோட்டங்களில் பிறந்து மனிதக் கை படாமலே வளர்ந்தவை இன்னொரு கூட்டம். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் காலைக் கொடுத்துவிட்டு மூன்று காலோடு வருபவை பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான். பூனைக்குட்டிகள் பெட்டியில் போட்டுச் சந்தை ஓரங்களில் விடப்படுகின்றன. தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளிலிருந்து வருபவையும் உண்டு: வீடு மாறினோம், குழந்தை பிறந்தது, குட்டியாக இருந்தபோது அழகாக இருந்தது. கழுத்தில் குட்டிப் பருவத்தில் கட்டிய ராஃபியா கயிறு, நாய் வளர்ந்த பிறகும் அவிழ்க்கப்படாமல் சதைக்குள் புதைந்து வருவதும் உண்டு. அடித்துத்தான் கொடுமை செய்யவேண்டும் என்பதில்லை, மறந்துபோவதே போதும்.

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இந்த இரண்டையும் குற்றமாகத்தான் பார்க்கிறது. 2017இல் நடப்புக்கு வந்த இந்தச் சட்டத்தின்படி கொடுமைக் குற்றத்துக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே காப்பகத்தின் மருத்துவ மேசையில் நடக்கும் முதல் பரிசோதனை சிகிச்சைக்கு மட்டுமானதல்ல, சாட்சியமும்தான். ஊடுகதிர்ப் படத்தில் ஒரு விலா எலும்பு முழுதாக ஒட்டியும் இன்னொன்று பாதி ஒட்டியும் மூன்றாவது அன்று உடைந்ததாகவும் தெரிந்தால், மாடிப்படியில் ஒருமுறை விழுந்தது என்ற கதை நிற்காது. எடை ஏறும் வரைபடமும் பேசும். வேறு எந்த நோயும் இல்லாத நாய், வெறும் உணவு கொடுத்ததாலேயே வாரா வாரம் எடை கூடுகிறது என்றால், முன்பு அதற்கு உணவு கிடைக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

உடம்பைத் தேற்றும் வேலையில் இந்த வட்டாரத்தின் தலையாய எதிரி உண்ணி. பழுப்பு நாய் உண்ணி வீட்டுச் சுவர் இடுக்கிலேயே முட்டை, இளவுயிரி, முதிர்ந்த உண்ணி என்று முழு வாழ்க்கையையும் முடித்துக்கொள்ளும். குளிர்காலம் என்ற ஒன்று இல்லாத ஜொகூரில் அதற்கு ஓய்வுக்காலமும் கிடையாது. அது பரப்பும் எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா 1935இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டது. ஆனால் உலகம் அதைக் கூர்ந்து கவனித்தது 1960களில், ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இராணுவத்தின் நாய்கள் மூக்கில் இரத்தம் கொட்டிச் சாகத் தொடங்கியபோதுதான். பின்னர் வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவ நாய்களையும் இதே நோய் வாரிக்கொண்டு போனது. இரத்தத் தட்டணுக்கள் வீழ்ந்து, உள்ளே இரத்தம் கசிந்து, சோர்ந்து படுத்துவிடும் நாய்க்கு டாக்சிசைக்ளின் மாத்திரை ஏறத்தாழ நான்கு வாரம் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். காப்பகத்தில் மூலையில் சுருண்டு கிடக்கும் நாயைப் பார்த்து, பாவம், மனசு உடைந்துபோய்விட்டது என்று சொல்வதற்கு முன் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பது நல்லது. அந்த மனசு பல நேரம் மாத்திரைக்குக் கட்டுப்படும்.

சொறிச் சிகிச்சையில் நடந்த மாற்றம் இன்னும் சுவையானது. முன்பெல்லாம் சொறி பிடித்த நாயை வாரம் ஒருமுறை பிடித்து, கட்டி, நாற்றமடிக்கும் கந்தகக் கரைசலில் குளிப்பாட்டுவார்கள். மனிதக் கைக்கு அஞ்சும் நாய்க்கு அந்தக் குளியல் ஒவ்வொன்றும் அச்சத்தை உறுதிசெய்யும் பாடம். 2014 வாக்கில் ஐசோக்சசோலின் வகை மருந்துகள் சந்தைக்கு வந்தன. உண்ணிக்காகத்தான் வந்தன, சொறிப் பூச்சியையும் கொன்றன. கோழித் துண்டுக்குள் ஒரு மாத்திரையை ஒளித்துத் தூக்கிப் போட்டால் போதும், நாயைத் தொடவே வேண்டாம். தோல் மருத்துவத்தில் வந்த முன்னேற்றமாகத்தான் இதைச் சொல்வார்கள். அஞ்சும் நாய்களைப் பொறுத்தவரை, சிகிச்சையையும் கொடுமையையும் பிரித்துக் கொடுத்ததே இதன் பெரிய பயன் என்பேன்.

தொடாமல் இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? காப்பகமே விலங்குக்கு ஓர் அடி என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மைக்கேல் ஹென்னசியும் அவர் குழுவினரும் ஒரு பொதுக் காப்பகத்தில் நாய்களின் இரத்தத்தில் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனை அளந்து 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் மூன்று நாட்களில் அளவு உச்சத்தில் இருந்தது. ஒன்பது நாளுக்கு மேல் அங்கே இருந்த நாய்களுக்கு அது இறங்கியிருந்தது. காரணம் யாரும் அடித்தது அல்ல. தெரியாத வாசனை, தெரியாத முகங்கள், எப்போது யார் வருவார் என்ற நிச்சயமின்மை, இவற்றோடு சத்தம். ஒரு நாய் குரைக்க ஐம்பது நாய் சேர்ந்துகொள்ளும் கூடத்தில் ஒலி 100 டெசிபெலைச் சுலபமாகத் தாண்டும். மனிதன் காதை மூடிக்கொண்டு வேலை செய்யவேண்டிய அளவு அது. தகரக் கூரை போட்ட கொட்டகையில் ஜொகூரின் பிற்பகல் மழையும் இடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, அந்த நாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல ஓர் அருவருப்பான சோதனையைத் தொட்டுத்தான் ஆகவேண்டும். 1967இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை இரண்டிரண்டாக இணைத்து மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு நாய் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். இணைநாய்க்கும் அதே அதிர்ச்சி, அதே நேரம், ஆனால் அது எதைச் செய்தாலும் எதுவும் மாறாது. மறுநாள் இரண்டையும் குறுந்தடுப்பு வைத்த பெட்டியில் விட்டார்கள், தாண்டினால் தப்பலாம். முதல் நாய் தாண்டியது. எதையும் மாற்ற முடியாமல் அதிர்ச்சி வாங்கிய நாய்களில் பெரும்பாலானவை தாண்ட முயலக்கூட இல்லை, படுத்து முனகின. கற்றுக்கொண்ட கையறுநிலை என்ற கோட்பாடு அங்கே பிறந்தது. மனித மனச்சோர்வு பற்றிய புரிதலுக்கும் அது அடித்தளமானது. கொடுமைக்கு உள்ளான நாய்களை மீட்கும் அறிவு நாய்களைக் கொடுமை செய்து பெறப்பட்டது என்பதை எந்த வகையில் எழுதினாலும் அது நேர்த்தியாக அமையாது, அப்படியே விட்டுவிடுகிறேன்.

கதை அங்கே முடியவில்லை. மையர் பிறகு நரம்பியலுக்குப் போனார், எலிகளின் மூளையில் பல பத்தாண்டுகள் தேடினார். 2016இல் அவரும் செலிக்மனும் சேர்ந்து எழுதிய கட்டுரை தங்கள் பழைய கோட்பாட்டைத் தலைகீழாக்கியது. நீண்ட துன்பத்தில் செயலற்றுப் படுத்துவிடுவதை விலங்கு கற்றுக்கொள்வதில்லை. மூளைத் தண்டில் உள்ள ஒரு செரட்டோனின் மையம் தானாகவே தரும் பிறவிப் பதில் அது. கற்றுக்கொள்ளப்படுவது அதற்கு எதிரான ஒன்று: நான் ஒன்றைச் செய்தால் ஒன்று மாறுகிறது என்ற அறிவு. அந்த அறிவு மூளையின் முன்பகுதியில் பதிந்ததும் அங்கிருந்து கீழே போகும் நரம்புகள் அந்தத் தண்டு மையத்தை அடக்குகின்றன.

காப்பகத்துக்கு இதன் பொருள் பெரிது. கையறுநிலை கற்றுக்கொண்ட ஒன்று என்றால் அதை மறக்கச் செய்யப் பார்க்கவேண்டும், அன்பைக் கொட்டிக் கழுவப் பார்க்கவேண்டும். அது பிறவிப் பதில் என்றால் செய்யவேண்டிய வேலை வேறு. தன் செயலுக்கு விளைவு உண்டு என்பதை அந்த விலங்கு ஒரு நாளில் பலமுறை அனுபவிக்கவேண்டும். பார்வையைத் திருப்பினால் மனிதன் ஓரடி பின்னால் போகிறான். முன்னால் வந்து முகர்ந்தால் உணவு விழுகிறது. உள்ளே போய் மறைந்துகொண்டால் யாரும் இழுத்து வெளியே எடுப்பதில்லை. கட்டிப்பிடித்து மடியில் வைத்துக் கொஞ்சும் தன்னார்வலர், நல்ல எண்ணத்தோடு, இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் பறித்துவிடுகிறார். மடியில் அசையாமல் கிடக்கும் நாயைப் படமெடுத்து, பாருங்கள், எப்படிச் சரணடைந்துவிட்டது என்று போடுகிறார்கள். அந்த அசையாமை செலிக்மன் பெட்டியின் அசையாமையாக இருக்கலாம்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்றால், கைதேர்ந்த பராமரிப்பாளர் கூண்டுக்குள் பக்கவாட்டில், நாயைப் பார்க்காமல் உட்காருவார். உணவைக் கையில் நீட்டமாட்டார். கையில் நீட்டினால் பசி நாயை அதன் துணிச்சலுக்கு மீறி அருகே இழுத்துவிடும். தின்று முடித்த நொடியில் தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்து பதறும், கடிக்கவும் செய்யும். ஆகவே கோழித் துண்டு நாயைத் தாண்டி, அதன் பின்னால் விழும்படி வீசப்படும். திரும்பிப் போய்த் தின்னும்போது அது மனிதனை விட்டு விலகுகிறது. விலகலுக்கும் பரிசு உண்டு. மறுபடி நெருங்குவது அதன் விருப்பம். சில நாட்களில், அல்லது சில வாரங்களில், அந்த இடைவெளி தானாகச் சுருங்கும். அச்சமூட்டும் பொருளைத் தாங்கக்கூடிய தொலைவில் வைத்துக்கொண்டு, பிடித்த ஒன்றோடு அதை இணைப்பது புதிய தந்திரமல்ல. முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனை 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் தேற்றியது இதே வழியில்தான். அவன் தின்றுகொண்டிருக்கும்போது கூண்டு முயல் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவரப்பட்டது.

சுத்தம் செய்வதுகூட மாறவேண்டும். நாய் உள்ளே இருக்கும்போதே குழாயால் தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் பழக்கம் பல இடங்களில் உண்டு, அவசரம் புரிகிறது. நடுவே தூக்குக் கதவு வைத்த இரு அறைக் கூண்டாக இருந்தால் நாய் ஒரு பக்கம் போய்விடும், மறுபக்கம் கழுவலாம். அதே ஆள், அதே நேரம், கதவைத் திறக்குமுன் அதே ஒரு சொல். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால், வருவது பிடிக்காததாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் விலங்குக் கொடுமைத் தடுப்பு அமைப்பான ஏஎஸ்பிசிஏ கடுமையான அச்சம் கொண்ட நாய்களுக்கென்றே 2013இல் ஒரு மறுவாழ்வு மையம் தொடங்கியது. பெரும்பாலும் கொடுமை வழக்குகளிலும் அளவுக்கு மீறி விலங்குகளைச் சேர்த்துவைத்த வீடுகளிலும் மீட்கப்பட்டவை. 2022இல் வெளியான ஆய்வில், சிகிச்சை தொடங்கிய 441 நாய்களில் 86 விழுக்காடு தேறி வெளியேறின. மேலே சொன்ன முறையோடு, நட்பான நாய் ஒன்றைத் துணைக்கு வைப்பதும், தேவைப்பட்டவற்றுக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து கொடுப்பதும் அங்கே வழக்கம். ஃபுளூவாக்சிடின் போன்றவை வேலை செய்யத் தொடங்கவே நான்கைந்து வாரம் ஆகும் என்பதால், மூன்றாம் நாளே பலனில்லை என்று நிறுத்துவதில் பயனில்லை. நாய்ச் சண்டைக்காக வளர்க்கப்பட்டவையும் மீளும் என்று உலகம் நம்பத் தொடங்கியது 2007க்குப் பிறகு. அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரர் மைக்கேல் விக்கின் பண்ணையில் மீட்கப்பட்ட நாய்களை, வழக்கம்போல ஒட்டுமொத்தமாகக் கொல்லாமல், ஒவ்வொன்றாக மதிப்பிட்டார்கள். மிகக் கடினமானவை என்று கருதப்பட்ட 22 நாய்களை யூட்டா மாநிலத்தின் பெஸ்ட் ஃப்ரண்ட்ஸ் சரணாலயம் ஏற்றது. பல வீட்டு நாய்களாயின.

அந்த அமைப்பின் மருத்துவர் ஃபிராங்க்ளின் மெக்மில்லன் 2015இல் வெளியிட்ட ஆய்வு, கொடுமைக்கு உள்ளானது உறுதியான 69 நாய்களை மற்ற வீட்டு நாய்களோடு ஒப்பிட்டது. அந்நியரிடமும் அந்நிய நாய்களிடமும் அச்சமும் சீற்றமும் கூடுதல், எதிர்பார்த்ததுதான். கூடவே, வளர்ப்பவரிடம் ஒட்டிக்கொள்வதும் கவனத்தை வேண்டி நிற்பதும் கூடுதலாக இருந்தன. ஆனால் ஓர் எச்சரிக்கை: ஒடுங்கி நடுங்கும் நாயெல்லாம் அடிபட்ட நாய் என்று முடிவுகட்டக் கூடாது. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை நாய்க்குட்டியின் மூளையில் ஒரு சாளரம் திறந்திருக்கும். அதற்குள் சந்தித்தவையெல்லாம் உலகத்தின் இயல்பான பகுதி. சந்திக்காதவை பின்னாளில் பயங்கரம். கூலாய் பக்கத்துச் செம்பனைக் காட்டில் பிறந்து ஆறு மாதத்தில் பிடிபட்ட நாயை யாரும் தொட்டதேயில்லை. அதை அடித்த குற்றவாளியைத் தேடிப் பயனில்லை, அவன் இல்லை.

பூனைகளின் கதை இன்னும் அமைதியானது, அதனால் ஆபத்தானதும்கூட. நாய் குரைத்துச் சொல்வதைப் பூனை சாப்பிடாமல் இருந்து சொல்லும். சில நாள் உண்ணாத பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து, அது செயலிழந்து, உயிரே போகலாம். கொஞ்சம் பருத்த வீட்டுப் பூனைக்கு ஆபத்து கூடுதல். நேற்று வரை மெத்தையில் படுத்திருந்து இன்று கம்பிக் கூண்டில் விடப்பட்டது அதுதான். நெதர்லாந்தில் கிளாடியா வின்கே குழுவினர் 2014இல் செய்த ஆய்வு எளிமையானது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், ஒன்பதுக்குக் கொடுக்கவில்லை. மூன்றாம் நான்காம் நாளிலேயே பெட்டி கிடைத்தவற்றின் அழுத்தம் தெளிவாகக் குறைந்திருந்தது. மளிகைக் கடையில் தூக்கிப் போடும் அட்டைப்பெட்டி போதும். ஜொகூரின் சிறு காப்பகங்களில் பணத்துக்குத்தான் பஞ்சம், அட்டைப்பெட்டிக்கு இல்லை. பெட்டிக்குள் இருக்கும் பூனையை வந்தவர்கள் பார்க்க முடியாது, பார்க்காவிட்டால் யார் தத்தெடுப்பார்கள் என்று சிலர் பெட்டியை எடுத்துவிடுகிறார்கள். ஒளிய இடம் உள்ள பூனைதான் வெளியே வந்து முகம் காட்டும்.

ஜொகூரில் பூனைக்குக் கிடைக்கும் வரவேற்பு நாய்க்குக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். முஸ்லிம் குடும்பங்களில் பூனை செல்லப்பிள்ளை. நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் மண் கலந்த நீரால் சமய முறைப்படி கழுவவேண்டும் என்பதால் நாய் வளர்ப்பது பெரும்பாலும் சீன, இந்தியக் குடும்பங்களோடு நின்றுவிடுகிறது. அதிலும் அடுக்குமாடி வீடுகளைக் கழித்தால், நாய்க்குக் கிடைக்கக்கூடிய வாசல்கள் குறைவு. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலைமை இன்னும் இறுக்கம். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பொதுவாக அனுமதிக்கப்பட்ட சிறு இனங்களில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். பூனைக்கோ 2024 செப்டம்பர் 1 வரை அனுமதியே இல்லை.

அந்த நெருக்கடிக்கும் ஜொகூரின் நிலப்பரப்புக்கும் இடையில் எழுந்ததுதான் நோவாஸ் ஆர்க் சரணாலயம். சிங்கப்பூர்க்காரர் ரேமண்ட் வீ உருவாக்கியது. கூண்டு வரிசை இல்லாமல், வேலியிட்ட திறந்தவெளியில் நூற்றுக்கணக்கான நாய்களும் பூனைகளும் தங்கள் விருப்பப்படி திரியும் இடம். இதுவரை சொன்ன அளவுகோலை வைத்துப் பார்த்தால் அதில் பெரிய நன்மை உண்டு: எங்கே படுப்பது, யாரோடு சேர்வது, யாரை விட்டு விலகுவது என்பதை விலங்கே முடிவுசெய்கிறது. குறை இன்னொரு பக்கம் இருக்கும். பெரிய திறந்தவெளிக் கூட்டங்களில் பலவீனமான நாயை மற்றவை ஒதுக்கலாம், தொற்றைத் தனிமைப்படுத்துவது கடினம், ஒவ்வொரு நாயும் எவ்வளவு தின்றது என்று கவனிப்பதும் கடினம். மனிதனோடு பழகும் வாய்ப்பும் தலைக்கு இவ்வளவு என்று சுருங்கிவிடும். எல்லை தாண்டி வரும் கைகளையும் பணத்தையும் நம்பிய எந்தக் காப்பகத்துக்கும், 2020 மார்ச்சில் பாலம் மூடி 2022 ஏப்ரலில் முழுதாகத் திறக்கும் வரையிலான காலம் எவ்வளவு பெரிய அடியாக இருந்திருக்கும் என்பது ஜொகூர் பாருவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

காப்பகத்தின் நெரிசலைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் உள்ளே வரும் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1961இல் நிரூபித்த ஒரு விதி வங்கி வரிசைக்கும் மருத்துவமனைக் கட்டிலுக்கும் பொருந்துவதுபோல நாய்க்கூண்டுக்கும் பொருந்தும். உள்ளே இருக்கும் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தையும் தங்கும் காலத்தையும் பெருக்கியது. வாரத்துக்கு ஐந்து நாய் வருகிறது, ஒவ்வொன்றும் இருபது வாரம் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாளிலும் நூறு நாய் இருக்கும். தங்கும் காலத்தைப் பத்து வாரமாக்கினால், அதே ஐந்து நாய் வந்துகொண்டிருந்தாலும், ஐம்பதுதான் இருக்கும். சத்தமும் தொற்றும் குறையும், ஒரு நாய்க்குக் கிடைக்கும் பராமரிப்பாளர் நேரம் இரட்டிப்பு. ஆக, தத்துக் கொடுப்பதில் காட்டும் வேகம் உள்ளே இருப்பவற்றுக்கான சிகிச்சையும்கூட. வரும் வேகத்தைக் குறைப்பது கருத்தடை. சென்னை புளூ கிராஸ் 1964இலேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து திரும்ப விடத் தொடங்கியது. அந்த வழியை ஊராட்சி மன்றங்கள் ஏற்கவேண்டும் என்று பல நாடுகளில் விலங்கு ஆர்வலர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

காப்பகத்தை விட்டு வெளியே போவதே மருந்து என்பதற்கு நேரடிச் சான்றும் உண்டு. லிசா கன்டர் குழுவினர் 2019இல், அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்களை ஓரிரு இரவு தன்னார்வலர் வீடுகளில் தங்கவைத்தார்கள். சிறுநீரில் கார்ட்டிசோல் இறங்கியது, நாய்கள் நீண்ட நேரம் இளைப்பாறின. திரும்பி வந்ததும் அளவு பழைய இடத்துக்கே போனது, ஆனால் அதைத் தாண்டிப் போகவில்லை. ஆசை காட்டித் திருப்பி அனுப்புவது நாய்க்குக் கூடுதல் துயரம் தருமோ என்று அஞ்சியவர்களுக்கு இது பதில். நாய் வளர்க்க முடியாத சூழ்நிலையில் இருக்கும் ஸ்கூடாய்க் குடும்பம் ஒன்று தீபாவளி விடுமுறையில் இரண்டு நாள் ஒரு நாயை வைத்துக்கொள்ள முடியுமானால் (பட்டாசு இல்லாத வீடாக இருந்தால்) அது உண்மையான உதவி.

தத்தெடுத்தவர்கள் ஒரு வாரத்தில் தொலைபேசியில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் இடத்தில் வாலாட்டிக்கொண்டு வந்த நாய், எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியிலிருந்து வர மறுக்கிறது, ஏமாற்றிவிட்டீர்களா? யாரும் ஏமாற்றவில்லை. அச்சம் தணிவது என்பது பழைய நினைவு அழிவதல்ல, அதன்மேல் புதிய நினைவொன்று அமர்வது. பழையது எங்கும் பொருந்தும். புதியதோ கற்ற இடத்தோடு ஒட்டியே இருக்கும் என்பதை வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பௌட்டன் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டினார். இடம் மாறினால் அச்சம் திரும்பும். இது எதிர்பார்க்கவேண்டிய ஒன்று, சிகிச்சை தோற்றதன் அடையாளமல்ல. அதனால்தான் நல்ல காப்பகங்கள் நாயைப் பல இடங்களில், பல ஆட்களோடு, சாலை ஓரத்திலும் காரிலும் பழக்குகின்றன. புது வீட்டில் முதல் வாரங்களில்தான் நாய் கதவிடுக்கில் புகுந்து ஓடும் என்பதால், இரட்டை வார் போட்டு நடத்தச் சொல்கின்றன. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு தத்தெடுப்பவர்களிடையே புழங்குகிறது. ஆய்வில் வந்த எண்கள் அல்ல அவை. பொறுமையாக இருக்கச் சொல்லும் அளவில் பயன்படும், அதற்கு மேல் நம்பவேண்டாம்.

தேறாமல் போகும் மீதிச் சிலவற்றைப் பற்றியும் எழுதியாக வேண்டும். ஏஎஸ்பிசிஏ மையத்தின் அந்த 441 நாய்களில், தேர்ந்த வல்லுநர்களும் மருந்தும் மாதக்கணக்கான உழைப்பும் இருந்தும், 14 விழுக்காடு தேறவில்லை. ஜொகூரில் அந்த வசதிகளில் பாதிகூட இல்லாத இடங்களில் இந்த விழுக்காடு கூடத்தான் செய்யும். இவற்றைக் கூண்டில் ஆயுள் முழுக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை; தன் கூண்டின் மூலையைத் தவிர எதையும் தேர்ந்தெடுக்க முடியாத வாழ்க்கை அது. கருணைக்கொலை என்ற முடிவை எடுப்பவர்களைத் தூற்றவும் எனக்கு மனமில்லை. திறந்தவெளிச் சரணாலயம் உண்மையில் பொருந்துவது இவற்றுக்குத்தான்: மனிதனை ஏற்க முடியாத, ஆனால் மற்ற நாய்களோடு நிம்மதியாக வாழக்கூடிய நாய்களுக்கு. நட்பான குட்டிகளும் தத்துக்குத் தயாரான நாய்களும் இடமில்லாத காரணத்தால் அங்கே போய் நிரப்பிவிட்டால், அந்த நிலம் யாருக்கு மிகவும் தேவையோ அவற்றுக்குக் கிடைக்காது. ஆகவே சரணாலயத்தில் எத்தனை நாய் இருக்கிறது என்பதோடு, அதில் எத்தனை நாய் வேறு எங்கும் வாழ முடியாதது என்ற கேள்வியையும் நன்கொடை கொடுப்பவர்கள் கேட்கலாம்.